போருக்குப் பிந்தைய நாவல்களில் ஆணும் பெண்ணும்: படிப்பதற்கு ஒரு வழிகாட்டி

முதல் உலகப் போர் முடிந்தபின் பத்தாண்டுகளுக்குள் ஆங்கிலத்தில் வெளிவந்த நவீனத்துவப் புனைகதைகளை, அதாவது பழைய கதைசொல்லும் முறைகளை உடைத்துப் புது உத்திகளைத் தேடிய கதைகளைப், படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு தலைப்புகளில் குறிப்பெடுக்கிறார்கள். போர் உண்டாக்கிய நம்பிக்கை முறிவு ஒரு தலைப்பு. ஆண், பெண் பங்குகள் மாறியது இன்னொரு தலைப்பு. வினாத்தாள்களும் அப்படிப் பிரித்தே கேட்பதால் இந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. ஆனால் இவற்றை எழுதியவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே என் உறுதியான கருத்து. எதை ஆண்மை என்று சொல்லிப் போருக்கு அனுப்பினார்களோ அதுதான் இந்தக் கதைகளின் ஆண்களை உடைக்கிறது. அப்படி உடைந்தவர்களோடு வாழவும், அவர்கள் விட்டுப்போன இடங்களை நிரப்பவும் நேர்ந்ததால்தான் பெண்கள் வேறு மனிதர்களாகிறார்கள். இரண்டையும் சேர்த்து எப்படிப் படிப்பது என்பதை, நான் நன்கு அறிந்த சில படைப்புகளைக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

எந்த நூலில் தொடங்குவது என்று தயங்குகிறவர்கள் காதரின் மான்ஸ்ஃபீல்டின் 'தி ஃப்ளை' (1922) என்ற சிறுகதையில் தொடங்கலாம். சில பக்கங்களே கொண்ட கதை அது. அடுத்து வர்ஜீனியா வுல்ஃபின் 'மிஸஸ் டாலோவே' (1925), அதன்பின் எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் 'தி சன் ஆல்ஸோ ரைசஸ்' (1926) என்ற வரிசை வசதியாக இருக்கும். இடையில் நேரம் கிடைத்தால் போர் முடியும் முன்பே, 1918-இல், வெளிவந்த ரெபெக்கா வெஸ்டின் 'தி ரிட்டர்ன் ஆஃப் த சோல்ஜர்' என்ற குறுநாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாக்குறுதியைக் கண்டுபிடியுங்கள்

நம்பிக்கை முறிந்தது என்று எழுதும் முன், எந்த நம்பிக்கை, அதை யார் யாருக்கு ஊட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 'மிஸஸ் டாலோவே' நாவலின் செப்டிமஸ் வாரன் ஸ்மித்தை எடுத்துக்கொள்வோம். ஊரைவிட்டு லண்டனுக்கு வந்து, ஒரு நிறுவனத்தில் எழுத்தராக இருந்துகொண்டு, ஷேக்ஸ்பியரைப் பற்றி உரை நிகழ்த்திய இஸபெல் போல் என்ற பெண்மீது காதல்கொண்டு கவிதை எழுதிய இளைஞன் அவன். மேலாளர் ப்ரூவருக்கு அவன்மீது நல்ல அபிப்பிராயம் உண்டு. ஆனால் பையன் நோஞ்சானாகத் தெரிவதால் கால்பந்து ஆடச் சொல்கிறார். போர் மூண்டதும் முதலில் பெயர் கொடுத்தவர்களில் செப்டிமஸும் ஒருவன். கால்பந்தால் வரும் என்று ப்ரூவர் எதிர்பார்த்த மாற்றம் பதுங்குகுழியில் உடனடியாக நிகழ்ந்தது, அவனிடம் ஆண்மை வளர்ந்தது, பதவி உயர்வும் கிடைத்தது என்கிறது நாவல். போர்நிறுத்தத்துக்குச் சற்று முன் இத்தாலியில் அவனுடைய அதிகாரியும் உற்ற நண்பனுமான எவன்ஸ் கொல்லப்படுகிறான். அப்போது, தான் பெரிதாக எதையும் உணரவில்லை என்று செப்டிமஸ் தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறான்.

நாவலின் இந்தப் பகுதியை இரண்டு மூன்று முறை படியுங்கள். அவனிடம் கேட்கப்பட்டது உணர்ச்சியை வெல்லும் ஆண்மை. அந்தத் தேர்வில் அவன் தேறிவிட்டான். பிறகு அவனைப் பிடிக்கும் நோயின் வேர், தன்னால் எதையும் உணர முடியவில்லை என்ற பீதிதான். ஆகவே, போரில் ஆண்மையை இழந்தவன் செப்டிமஸ் என்று எழுதினால் நாவல் சொல்வதைத் தலைகீழாக்கிவிடுவோம். அவனுக்கு வாக்களிக்கப்பட்டது முழுமையாகக் கிடைத்தது. கிடைத்ததே அவனைக் கொல்கிறது.

பெண்களுக்கும் வாக்குறுதிகள் இருந்தன. நாவலின் தொடக்கப் பக்கங்களிலேயே லேடி பெக்ஸ்பரோ என்ற பெயர் வரும். தனக்கு மிகவும் பிரியமான மகன் ஜான் போரில் இறந்த செய்தியைத் தாங்கிய தந்தியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் ஒரு கண்காட்சிச் சந்தையைத் திறந்து வைத்தார் என்று ஊர் பேசுகிறது. நாவலின் நாயகி கிளாரிஸ்ஸா டாலோவே மிக உயர்வாக மதிக்கும் பெண் அவர்தான். அழாத தாய்க்கும் உணராத சிப்பாய்க்கும் ஒரே பாடம்தான் கற்பிக்கப்பட்டிருக்கிறது என்பதை இங்கே காண்கிறீர்கள். நூலைப் படிக்கும்போது குறிப்பேட்டில் ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்தின் பெயருக்கும் கீழே மூன்று வரிகள் எழுதிக்கொள்ளுங்கள்: ஆணாகவோ பெண்ணாகவோ இவருக்கு எது வாக்களிக்கப்பட்டது, அதை வாக்களித்தவர் யார், பதிலுக்கு என்ன வந்தது. மூன்றாவது வரி எழுத வராத பாத்திரங்களே பெரும்பாலும் நாவலில் மிகுந்த கவனத்துக்குரியவர்கள்.

ரெபெக்கா வெஸ்டின் குறுநாவலில் இந்த மூன்று வரிகளும் கூர்மையாகக் கிடைக்கும். குண்டுவீச்சு அதிர்ச்சியால் கிறிஸ் பால்ட்ரி கடைசிப் பதினைந்து ஆண்டுகளை மறந்துவிடுகிறான். மனைவி கிட்டி யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. இளமையில் காதலித்த, இப்போது ஏழைக் குடும்பத் தலைவியாக இருக்கும் மார்கரெட்டைத் தேடுகிறான். இறந்துபோன குழந்தையின் உடையையும் பந்தையும் காட்டி மார்கரெட்டே அவனுக்கு நினைவை மீட்டுத் தருகிறாள். அவன் ஒரு சிப்பாயின் மிடுக்கோடு புல்வெளியைக் கடந்து வீட்டுக்குத் திரும்புகிறான். குணமாகிவிட்டான் என்று கிட்டி மகிழ்கிறாள். குணமானவன் மீண்டும் போர்முனைக்குப் போக வேண்டும் என்பது கதைசொல்லி ஜென்னிக்குத் தெரியும். நல்ல கணவன், நல்ல சிப்பாய் என்ற இரண்டு பட்டங்களும் ஒரே கணத்தில் அவனுக்குத் திரும்பக் கிடைக்கின்றன.

சில ஆண்டுகளை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்

வரலாற்றை நீளமாக எழுத வேண்டியதில்லை; ஆனால் சில செய்திகள் தெரியாவிட்டால் சில வரிகள் புரியாது. பிரிட்டனில் 1918-இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது, அதுவும் முப்பது வயதைக் கடந்து, சொத்துத் தகுதியும் உடையவர்களுக்கு மட்டும். ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் வாக்களிக்க 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பல தொழில்களின் கதவைத் திறந்த சட்டம் வந்த அதே 1919-இல்தான், ஆலைகளில் போர்க்காலத்தில் பெண்கள் பார்த்த வேலைகளை முன்பிருந்த நிலைக்கே திருப்பும் சட்டமும் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1921 கணக்கெடுப்பின்படி ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 17 இலட்சம் பேர் அதிகம். இவர்களை 'மிகுதிப் பெண்கள்' என்று பத்திரிகைகள் கூச்சமின்றி எழுதின. போருக்கு முன்பே, 1911-இலும், அந்த வித்தியாசம் 13 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் போரையே காரணமாகக் காட்டும் கட்டுரைகளை நம்பாமலிருக்க இந்த ஒரு செய்தி போதும். வாக்குரிமைப் போராட்டமும், தனித்து வாழ விரும்பிய பெண்களும், அவர்களைப் பற்றிய நாவல்களும் போருக்கு முன்னரே இருந்தன.

குண்டதிர்ச்சி நோய்க்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயர் மருத்துவ இதழில் அச்சேறியது 1915-இல். அதை ஆராய அமைத்த அரசுக் குழு 1922-இல் அறிக்கை தந்தது. அந்த ஆண்டுகளிலேயே வுல்ஃப் தன் நாவலை எழுதிக்கொண்டிருந்தார். செப்டிமஸ் ஜன்னலிலிருந்து குதித்து உயிரை விடும்போது, அவனுக்குச் சிகிச்சை தரும் டாக்டர் ஹோம்ஸ் கத்தும் சொல் 'கோழை'. போரோடு சேர்த்துக் கேட்டால்தான் அந்தச் சொல்லின் கொடுமை தெரியும். ஓடிப்போனது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படையில் 300-க்கும் மேற்பட்ட வீரர்கள் தங்கள் தரப்பாராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. மருத்துவரின் வாயில் வருவது இராணுவ நீதிமன்றத்தின் சொல்.

போரை ஓரங்களில் தேடுங்கள்

போர்க்களக் காட்சிகளைத் தேடிப் போனால் இந்த நாவல்களில் ஏமாந்துபோவீர்கள். வுல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' (1927) நாவலில் ஆண்ட்ரூ ராம்ஸே என்ற மகன் பிரான்ஸில் குண்டு வெடித்து இறப்பது சதுர அடைப்புக்குறிக்குள் ஓரிரு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. அவனுடைய தாய் திருமதி ராம்ஸேயின் மரணமும், சகோதரி ப்ரூ பிரசவத்தை ஒட்டி இறப்பதும் அதேபோல் அடைப்புக்குறிக்குள்தான் வருகின்றன. மகன் சாகும் போரும், மகள் சாகும் பிரசவமும் ஒரே நிறுத்தற்குறிக்குள், ஒரே அளவில் வைக்கப்பட்டிருக்கின்றன. நவீனத்துவத்தின் உத்திகளைப் பற்றி எழுதும்போது நனவோடை (பாத்திரத்தின் எண்ண ஓட்டத்தை அப்படியே எழுதும் உத்தி) என்ற சொல்லோடு நின்றுவிடாமல், இப்படி ஒரு குறியீட்டின் இடத்தைக்கூடச் சுட்டிக்காட்டுங்கள். அந்த அடைப்புக்குறிகளுக்கு வெளியே, பாழடையும் வீட்டை மீட்பவர்கள் வேலைக்கார மூதாட்டி மக்நாப் போன்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

'தி ஃப்ளை' கதையில் போர், மேசைக்கு மேலே தொங்கும் ஒரு புகைப்படமாக மட்டுமே இருக்கிறது. சீருடையில் நிற்கும் மகனின் படம் அது. பெயரில்லாத முதலாளி, நினைத்தால் அழக்கூடியவர் தாம் என்று நம்பி, ஆறு ஆண்டுகளுக்கு முன் இறந்த மகனுக்காக அழத் தயாராகிறார், அழுகை வரவில்லை. படத்தைப் பார்க்கிறார், அதிலிருக்கும் கடுமையான முகபாவம் தன் பையனுடையதே இல்லை என்று தோன்றுகிறது. பின்னர் மைக்கூட்டில் விழுந்த ஈயை எடுத்துக் காய விட்டு, அது தேறிவரும் ஒவ்வொரு முறையும் அதன்மேல் மைத்துளியை விட்டு, என்ன துணிச்சல் என்று பாராட்டிக்கொண்டே அதைக் கொல்கிறார். பள்ளிக்கூடங்களும் ஆள்சேர்ப்பு மேடைகளும் இளைஞர்களிடம் பேசிய மொழியில்தான் அவர் ஈயோடு பேசுகிறார். இந்தக் கதையில் கல்லறைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், முதலாளியைப் பார்க்க வந்திருக்கும் முதியவர் உட்டிஃபீல்டின் மகள்கள். முதலாளி அங்கே போனதே இல்லை. துக்கத்தைச் சுமக்கும் வேலை யாரிடம் விடப்பட்டிருக்கிறது என்பது ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிடுகிறது. மான்ஸ்ஃபீல்டின் சொந்தத் தம்பி லெஸ்லி 1915-இல் பெல்ஜியத்தில் இறந்தவர். இருந்தும் அவர் ஒரு சகோதரியின் கதையை எழுதாமல் அழத் தெரியாத ஒரு தந்தையின் கதையை எழுதினார்.

யார் சொல்லக் கேட்கிறோம்?

'தி சன் ஆல்ஸோ ரைசஸ்' நாவலில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் பாத்திரம் பிரெட் ஆஷ்லி. பையனைப் போல் முடி வெட்டிக்கொண்டவள், ஆண்களோடு சரிக்குச் சரி குடிப்பவள், ஒருவரை விட்டு ஒருவரிடம் போகிறவள் என்பதால், போருக்குப் பின் தடம் மாறிய 'புதிய பெண்' என்று முத்திரை குத்திவிட்டுப் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். நாவலை நமக்குச் சொல்கிறவன் ஜேக் பார்ன்ஸ். போரில் பட்ட காயத்தால் உடலுறவுக்கு இயலாமல் போனவன், அவளைக் காதலிப்பவன், அவளுடைய மனத்துக்குள் ஒருபோதும் நம்மை அழைத்துச் செல்லாதவன். அவனுக்குப் பிடிக்காத ஆட்களோடு அவள் சுற்றும்போது விவரிப்பே கசந்துவிடும். ஆகவே அவளைப் பற்றிய ஒவ்வொரு விவரத்தையும் சொல்பவன் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படிக் குறித்தால் பதினேழாம் அத்தியாயத்தில் ஓரிடம் கண்ணில் படும். அவளை மணக்கவிருக்கும் மைக், ஜேக்கிடம் பேச்சுவாக்கில் சில வாக்கியங்கள் சொல்கிறான். பிரெட்டின் கணவன் ஆஷ்லி கடற்படையிலிருந்து வீடு திரும்பியபின் கட்டிலில் படுக்க மறுத்தான். அவளையும் தரையில் படுக்க வைத்தான். கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடுதான் எப்போதும் தூங்குவான். அவன் தூங்கியபின் அவள் எழுந்து அந்தத் துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துவிடுவாள். இத்தனையும் திருவிழா இரைச்சலுக்கு நடுவே ஓர் உரையாடலில் வந்து போய்விடுகிறது. போருக்குப் பிந்தைய ஒரு திருமணத்தின் முழு வரலாறும் அதில் இருக்கிறது: போர் முடிந்தும் முடியாத ஆண், இரவில் விழித்திருந்து குண்டுகளை எடுக்கும் பெண். போர்க்காலத்தில் அவள் செவிலியாகப் பணியாற்றியதையும், முதலில் நேசித்தவன் போரின்போது வயிற்றுக்கடுப்பில் இறந்ததையும் இதோடு சேர்த்துவிட்டால், அவளுடைய அலைச்சல் ஒழுக்கப் பிரச்சினையாகத் தெரியாது.

காளைச் சண்டை வீரன் ரொமேரோவிடமிருந்து அவள் விலகும் இடத்தையும் கவனியுங்கள். முடியை நீளமாக வளர்க்க வேண்டும், இன்னும் பெண்மையோடு இருக்க வேண்டும் என்பது அவனுடைய விருப்பம். போரின் காயம் படாத, தன் தொழிலில் முழு நம்பிக்கையுள்ள, பழைய வகை ஆண்மையின் உருவம் அவன். அவன் கேட்பதும் பழைய வகைப் பெண்மைதான். பத்தொன்பது வயதுப் பையனைக் கெடுக்க விரும்பவில்லை என்று சொல்லி, முப்பத்து நான்கு வயதுப் பெண் அவனை அனுப்பிவிடுகிறாள். அந்த உலகம் இன்னும் இருக்கிறது, ஆனால் நமக்கு அதில் இடமில்லை என்பதுதான் ஜேக்குக்கும் பிரெட்டுக்கும் பொதுவான நிலை.

கைகள் என்ன வேலை செய்கின்றன?

என் அனுபவத்தில் மாணவர்களுக்கு மிகவும் பயன்பட்ட கேள்வி இதுதான். பாத்திரங்கள் ஆண்மை, பெண்மை பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதைவிட, எந்த வேலையை யார் கை செய்கிறது என்று பாருங்கள்.

செப்டிமஸின் கடைசி மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். மிலான் நகரில் தொப்பி செய்யும் பெண்ணாக இருந்த அவன் மனைவி லுக்ரேசியா, திருமதி பீட்டர்ஸ் என்பவருக்காக ஒரு தொப்பி தைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மாளுக்கு அது மிகச் சிறியது, தெருவில் வித்தை காட்டுபவனின் குரங்குக்குத்தான் பொருந்தும் என்று செப்டிமஸ் கேலி செய்கிறான். இருவரும் சிரிக்கிறார்கள், இப்படிச் சேர்ந்து சிரித்து வாரக்கணக்காகிவிட்டது. பிறகு அவளுடைய தையல் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டு, ரிப்பன்கள், மணிகள், துணிப்பூக்கள் எல்லாவற்றையும் கொட்டி, நிறத்தோடு நிறம் சேர்த்துப் பார்க்கிறான். அவனுக்கு விரல்கள் வாகாக வராது, ஆனால் நிறம் பார்க்கும் கண் உண்டு. அவன் அடுக்கிக் கொடுக்க அவள் தைக்கிறாள். அந்தத் தொப்பி உண்மையானது, கைக்குப் பிடிபடுவது என்று அவனுக்குத் தோன்றுகிறது. இறந்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதன், பொருள்கள் பொருள்களாகவே இருக்கும் உலகத்துக்குச் சற்று நேரம் திரும்பி வந்திருக்கிறான்.

அவனுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தவை வேறு. தன்னைப் பற்றியே நினைக்காமல் வெளி விஷயங்களில் நாட்டம் கொள்ளச் சொன்னார் ஹோம்ஸ். அளவறிந்து வாழ்வதையே தெய்வமாக வழிபடும் சர் வில்லியம் பிராட்ஷா, மனைவியிடமிருந்து பிரித்து ஓர் இல்லத்தில் படுக்க வைக்கச் சொன்னார். எவருடைய மருந்துச் சீட்டிலும் இல்லாத ஒன்று, பெண்ணின் வேலை என்று கருதப்பட்ட ஒன்று, அவனைத் தெளிய வைக்கிறது. அதன்பின் ஹோம்ஸ் படியேறி வருகிறார். லுக்ரேசியா அவரைத் தடுக்க முயல்கிறாள். அவர் அவளைத் தள்ளிவிட்டு உள்ளே வருகிறார். இந்தக் காட்சியை விட்டுவிட்டு நாவலின் பாலின அரசியலைப் பற்றி எழுதுவது பெரும் இழப்பு.

விடுதலை என்று எழுத அவசரப்பட வேண்டாம்

பெண்கள் முன்னேறினார்கள் என்ற ஒற்றை வரியை இந்தக் கதைகள் தாங்காது. டி. எச். லாரன்ஸின் 'டிக்கெட்ஸ், ப்ளீஸ்' (1919) கதையில், ஆண்கள் போருக்குப் போனதால் டிராம் வண்டிகளில் இளம்பெண்கள் நடத்துநர்களாக இருக்கிறார்கள். துணிச்சலானவர்கள், எவருக்கும் அஞ்சாதவர்கள். தங்களோடு விளையாடிவிட்டு நழுவும் ஆய்வாளனை ஓர் இரவு அறையில் அடைத்து அடித்து, யாரைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று கேட்கிறார்கள். அவன் அவர்களில் ஒருத்தியான ஆனியின் பெயரைச் சொன்னதும் வெற்றி கசந்துவிடுகிறது. வேலை மாறியிருக்கிறது, தேர்ந்தெடுப்பவன் ஆண் என்ற எண்ணம் மாறவில்லை.

'மிஸஸ் டாலோவே'யில் டோரிஸ் கில்மன் வரலாறு படித்துப் பள்ளியில் வேலை பெற்றவர். ஜெர்மானியர் அனைவரும் கொடியவர்கள் என்று நடிக்க மறுத்ததால் வேலை போயிற்று. படித்த பெண்ணுக்குப் போர் கொடுத்தது அவ்வளவுதான். இளமையில் சுருட்டுப் பிடித்து வீட்டையே அதிரவைத்த கிளாரிஸ்ஸாவின் தோழி ஸாலி ஸீட்டன், ஐந்து மகன்களின் தாயாக, பணக்காரரின் மனைவியாக அவளுடைய விருந்துக்கு வருகிறாள். பிராட்ஷாவின் மனைவி பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கணவனின் விருப்பத்துக்குள் மூழ்கிவிட்டவள். கிளாரிஸ்ஸாவின் பதினேழு வயது மகள் எலிசபெத் மட்டும் பேருந்தின் மேல்தளத்தில் அமர்ந்து, மருத்துவராகலாமா, விவசாயம் செய்யலாமா, நாடாளுமன்றத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறாள். வுல்ஃப் அந்த யோசனைக்கு மேல் எதையும் உறுதியளிக்கவில்லை. நாமும் கட்டுரையில் அதைச் சாதனையாக உயர்த்தக் கூடாது.

கட்டுரை எழுதும்போது மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சோதித்துக்கொள்ளுங்கள். "போர் ஆண்களைப் பாதித்தது, பெண்களுக்குச் சுதந்திரம் தந்தது" என்ற வாக்கியத்துக்கு எந்த நாவலும் தேவையில்லை, எவரும் எதையும் படிக்காமலே அதை எழுதலாம். "உணர்ச்சியை அடக்குவதே ஆண்மை என்ற பாடத்தை முழுமையாகக் கற்றதால் செப்டிமஸ் நோயுறுகிறான், அந்தப் பாடத்துக்கு வெளியே, மனைவியின் தொழிலில் கைகொடுக்கும்போது மட்டுமே தெளிகிறான்" என்ற வாக்கியத்தை நூலைத் திறந்து வைத்தால்தான் நிரூபிக்க முடியும். உங்கள் வாக்கியத்தை நிரூபிக்க எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று கேளுங்கள். பக்கம் அகப்படாவிட்டால் வாக்கியத்தை மாற்றுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இந்த நாவல்களில் யார் இல்லை? 'மிஸஸ் டாலோவே'யில், ஐந்து ஆண்டுகள் இந்தியாவில் இருந்துவிட்டு 1923-இல் லண்டன் திரும்பும், ஒருகாலத்தில் கிளாரிஸ்ஸாவைக் காதலித்த பீட்டர் வால்ஷ், இடையில் ஏதோ பெரிய மாற்றம் நிகழ்ந்துவிட்டதை உணர்கிறார். பத்திரிகைகள் வெளிப்படையாக எழுதுகின்றன, பெண்கள் பொது இடத்திலேயே ஒப்பனை செய்துகொள்கிறார்கள். அவர் இந்தியாவில் இருந்த அந்த ஆண்டுகளில்தான் ஜாலியன்வாலா பாக் நடந்தது, ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. அவை அவருடைய நினைவோட்டத்தில் இடம்பெறுவதில்லை. அதே போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற இலட்சக்கணக்கான சிப்பாய்களுக்கும் வாக்குறுதிகள் தரப்பட்டிருந்தன. முல்க் ராஜ் ஆனந்தின் 'அக்ராஸ் த பிளாக் வாட்டர்ஸ்' நாவலில் பஞ்சாபி இளைஞன் லாலு, குடும்பம் இழந்த நிலம் வெகுமதியாகத் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிப் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் சண்டையிடுகிறான். மேலே சொன்ன மூன்று வரிகளை அவன் பெயருக்குக் கீழும், அவன் ஊரில் விட்டுவந்த தாயின் பெயருக்குக் கீழும் எழுதிப் பார்ப்பது அடுத்த வேலையாக இருக்கட்டும்.